குரல் கொடுக்காதவள்

முட்டைக்கோசைச் சமையல் மேடை விளிம்பில் ஓங்கி அடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது. மேரன் ரோர்க்கின் முகம் டெஸ் வோண்ட்ராவின் தோளெலும்பில் மோதிய சத்தம். அடுத்த நொடி மேரன் மல்லாந்து கிடந்தாள். மூக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. முன்பல் ஒன்று மெழுகு பூசிய மரத்தரையில் சறுக்கிக்கொண்டு போய் அவளுடைய அணி பெஞ்சின் காலடியில் நின்றது.

டெஸ் அசையவில்லை. அசையாமல் நிற்பதுதான் அவள் வேலை. ரெட்டன் கல்லூரி கூடைப்பந்து அணியில் உயரமும் எடையும் அவள்தான். பந்தைத் தட்டிக்கொண்டு வரும் யெசேனியாவை எதிரணிக்காரி ஒருத்தி ஒட்டிக்கொண்டே வருவாள். அவள் பாதையில் டெஸ் போய், கால் இரண்டையும் ஊன்றி, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தூண் மாதிரி நிற்பாள். ஒட்டி வருகிறவள் தூணில் இடிப்பாள், யெசேனியா கழன்று கூடைக்குப் போய்விடுவாள். ஸ்க்ரீன் என்று பெயர். நின்ற இடத்தில் நின்றால் விதிப்படி எந்தக் குற்றமும் இல்லை, இடித்தவள் எலும்பு முறிந்தாலும் சரி.

ஒட்டி வருகிறவளின் கண் பந்தின் மேல் இருக்கும். தூண் அவளுக்குத் தெரியாது. அதனால்தான் தூணுக்குப் பக்கத்திலேயே அவளுடைய அணிக்காரி ஒருத்தி நிற்பாள். "இடது பக்கம் ஆள்!" என்று தொண்டை கிழியக் கத்துவது அவள் பொறுப்பு. நெப்ராஸ்கா மாநிலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தைக் கையில் கொடுக்கும் முன்பே இந்தக் கத்தலைத்தான் பழக்குவார்கள்.

அன்று அந்த இடத்தில் நின்றவள் ஜாஸ்லின் பீம். ஆல்ட்ரிட்ஜ் கல்லூரி அணிக்குப் போன வருஷம் வரை தலைவி. பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து மேரன் வந்து சேர்ந்ததும் தலைவி பதவியும் போய், பந்தும் கைக்கு வராமல் போனவள். அவள் முகம் டெஸ்ஸுக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. வாய் திறந்தது. மேரன் வருவதைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

அவ்வளவுதான். பிறகு அந்தச் சத்தம்.

நடுவர் லாயிட் பெக்கர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். பகலில் தானியக் கிடங்கில் லாரிக்கு எடை போடுகிறவர், மற்ற நேரம் கோடு போட்ட நடுவர் சட்டை. மேரனைப் பார்த்தார், தரையில் பரவுகிற ரத்தத்தைப் பார்த்தார், டெஸ்ஸின் தோளில் அப்பியிருந்த ரத்தத்தைப் பார்த்தார். கையை உயர்த்திக் கதவைக் காட்டினார்.

"வெளிய போ."

"சார், நான் நின்னுட்டுதான் இருந்தேன்."

"போம்மா. இன்னொரு வார்த்தை பேசாத."

"என் காலைப் பாருங்க சார். ஊனின இடத்துலயே இருக்கு. அவதான் குரல் கொடுக்கல. பீம் குரல் கொடுக்கல!"

ஜாஸ்லின் பீம் அப்போது மேரனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நிஜக் கண்ணீர். டெஸ் கதவை நோக்கி நடந்தாள்.

*

இரண்டு ஆட்டம் தடை போட்டார்கள். அது போகட்டும். யாரோ ஒரு தகப்பன் கைபேசியில் எடுத்த படம் ஊர் ஊராகச் சுற்றியது. டெஸ் வந்து நிற்பதிலிருந்து ஆரம்பிக்கிற படம் அல்ல, மோதுகிற கணத்தில் ஆரம்பிக்கிற படம். பெரிய உடம்பு ஒன்று, அதில் சின்னப் பெண் ஒருத்தி வந்து நொறுங்குகிறாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? கசாப்புக்காரி என்று பெயர் வைத்தார்கள். அவள் அப்பா எர்னி மாட்டிறைச்சி ஆலையில் வெட்டு மேடையில் நிற்கிறவர் என்பதும், அவளே மூன்று கோடை விடுமுறை அங்கே வேலை பார்த்தவள் என்பதும் தெரிந்ததும் பெயர் இன்னும் இறுகிக்கொண்டது. வானொலியில் ஒருவன், "அந்தப் பொண்ணைக் கொக்கியில மாட்டணும்" என்று சிரித்தான்.

எர்னி அதைக் கேட்டுவிட்டு வானொலியை அணைத்தார். மேஜையில் சில்லி என்கிற கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இருந்தன. ரொட்டியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்தார்.

"உண்மையைச் சொல்லு புள்ள. தோளை ஏத்தினியா?"

"இல்லப்பா."

"கொஞ்சங்கூட?"

"அப்பா, ராமோனைக் கத்தி வெட்டினது ஞாபகம் இருக்கா?"

எர்னி மெல்லுவதை நிறுத்தினார்.

ஆலையில் ஆளுக்கு ஆள் முழங்கை இடிக்கிற நெருக்கம். கத்தியோடு ஒருவன் பின்னால் கடந்து போனால், "பின்னால கத்தி!" என்று கத்திவிட்டுத்தான் போவான். ஸ்பானிஷில் கத்துவான், பர்மாக்காரன் கேரன் மொழியில் கத்துவான், சூடான்காரன் அவன் பாஷையில் கத்துவான். எந்தப் பாஷையானாலும் எல்லோரும் உடம்பைச் சுருக்கிக்கொள்வார்கள். ஒருநாள் ராமோனுக்குப் பின்னால் போனவன் கத்தவில்லை. இருவருக்கும் ஷிப்ட் விஷயத்தில் வாய்த்தகராறு இருந்தது. ராமோன் திரும்பினான், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வாழைப்பழம் மாதிரி உரிந்தது. கத்தி அசையவே இல்லை, ராமோன்தான் போய் அதில் விழுந்தான், விபத்து என்றார் மேற்பார்வையாளர்.  ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரு மாதத்தில் ஊரை விட்டே போய்விட்டான்.

"அந்தப் பீம் அப்படியா?" என்றார் எர்னி.

"நான் கண்ணால பாத்தேன். வாயைத் திறந்து மூடினா."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவளுக்கும்."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னு அர்த்தம்." தட்டை வழித்தார். "இதுல நீதான் புள்ள அந்த வெட்டுக்கத்தி. கத்தி சொல்றதை யாரு கேப்பா?"

*

வட்டாரக் கல்லூரிகளின் இறுதி ஆட்டத்தில் மறுபடியும் ஆல்ட்ரிட்ஜ். அவர்கள் ஊர், அவர்கள் அரங்கம், அதே லாயிட் பெக்கர். ஜெயிக்கிறவர்கள் போர்ட்லாண்டில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவார்கள், தோற்கிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள். டெஸ்ஸுக்கு இது கடைசி வருஷம். தோற்றால் திங்கட்கிழமை ஆலையில் ரப்பர் பூட்ஸ் போட வேண்டியதுதான். கசாப்புக்காரி என்கிற பெயரோடு போவதா, அது இல்லாமல் போவதா என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த கேள்வி. இன்னொரு முறை வெளியே அனுப்பப்பட்டால் அந்தப் பெயர் செத்தாலும் போகாது.

மேரன் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முகமூடி மாட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் கன்னம் இன்னும் மஞ்சளாகக் கன்றிப்போயிருந்தது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. டெஸ் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும் மாணவர் கூட்டம் மாடு மாதிரி "ம்ம்மா" என்று கத்தியது. மேலேயிருந்து ஒரு ஐஸ் குவளை வந்து அவள் கழுத்தில் உடைந்தது.

ஆட்டம் தொடங்குமுன் நடுவில் கூடியபோது லாயிட் எல்லோரையும் பார்த்துப் பேசினார். "இன்னைக்கு சுத்தமா ஆடணும். முரட்டுத்தனம் வேணாம்." கண் டெஸ் மேல் இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நீங்க என் காலைப் பாத்தீங்களா, பந்தைப் பாத்தீங்களா?"

லாயிட்டின் காது சிவந்தது. "ஆட்டத்தைத் தொடங்கு."

அதன் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது தப்பு. முதல் பந்து மேலே போகும்போதே ஒரு முழங்கை டெஸ்ஸின் விலாவுக்குக் கீழே இறங்கியது. அடுத்த முறை குதித்து இறங்கும்போது இறங்குகிற இடத்தில் ஒருத்தி காலை வைத்திருந்தாள், கணுக்கால் மடங்கியது. ஒருத்தி பின்னலைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தி பந்தைப் பறிக்கிற சாக்கில் நகத்தைக் கண்ணுக்குள் விட்டாள். விசில் வரவில்லை. லாயிட் வாயில் விசில் இருந்தது, மூச்சு இல்லை. கூட்டத்தைத் திருப்திப்படுத்தப் பார்த்தாரோ, தான் அன்று செய்தது சரிதான் என்று தனக்கே நிரூபித்துக்கொண்டிருந்தாரோ, யாருக்குத் தெரியும்.

"ஏய் கசாப்பு, எப்டி இருக்கு?" என்றாள் ஜாஸ்லின் பீம், இடுப்பில் முட்டியை ஏற்றிக்கொண்டே. "உங்க வீட்டு மாடுகளுக்கு இப்டித்தான் இருக்குமா?"

"மாடு பரவால்ல. அது தன் கூட்டத்துக்காவது குரல் கொடுக்கும்."

ஜாஸ்லினின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு முழங்கை வந்தது. நேராக மூக்கில்.

டெஸ்ஸுக்கு முதலில் சத்தம் கேட்டது, பிறகுதான் வலி. சூடாக உதட்டில் இறங்கியது, நெஞ்சில் சொட்டியது. இப்போது விசில் வந்தது. லாயிட் அவளைத்தான் காட்டினார்.

"ரத்தம் வருது. வெளிய போய் துடைச்சுட்டு வா."

"அடிச்சது அவ சார்!"

"ரத்தத்தோட உள்ள நிக்கக் கூடாது. விதி."

"என் ரத்தம்னா விதி. அவங்க ரத்தம்னா என் குத்தம். நல்லா இருக்கு சார்."

பெஞ்சில் பயிற்சியாளர் பெட்ஸ்கா இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சை அடைத்தார். அறுபது வயதுப் பெண்மணி, பன்றிப் பண்ணையில் வளர்ந்தவர், பேச்சில் நளினம் கிடையாது. ரத்தமான சட்டையோடும் ஆடக் கூடாது என்பதால் பெட்டியிலிருந்து உபரிச் சட்டை ஒன்றை எடுத்து எறிந்தார். பின்னால் பெயர் இல்லாத சட்டை.

"போட்டுக்க. பல்லைக் கடிச்சுட்டு நில்லு. திருப்பி மட்டும் அடிச்சுடாத, அதுக்குத்தான் அந்தாளு காத்துட்டு இருக்கான். ரெண்டாவது அடிதான் அவன் கண்ணுக்குத் தெரியும்."

"எவ்வளவு நேரம் கோச்?"

"மணி அடிக்கிற வரைக்கும்."

டெஸ் திருப்பி அடிக்கவில்லை. நின்றாள். தோளில் வாங்கினாள், தொடையில் வாங்கினாள், ஒருமுறை தொண்டையில் வாங்கி மூச்சு வராமல் மண்டியிட்டாள். அப்போது கூட்டம் எழுந்து நின்று "ம்ம்மா" என்றது. கூட்டத்துக்குள் ஒரு மூலையில் எர்னி தனியாக உட்கார்ந்திருந்தார். தொடைமேல் கை இரண்டும் முஷ்டியாக இருந்தன. மேரன் மட்டும் அவளைத் தொடவில்லை. ஒருமுறை பக்கத்தில் வந்தபோது முகமூடிக்குள்ளிருந்து சொன்னாள், "நான் கீழ விழுந்தப்ப நீ குனிஞ்சுகூடப் பாக்கல."

"நான் நகந்தா ஃபவுல். அது உனக்கே தெரியும்."

"எனக்கு ஒண்ணுதான் தெரியும். பல்லு போனதுலேருந்து கொழகொழன்னு கஞ்சிதான் குடிச்சுட்டு இருக்கேன்."

*

கடைசியில் ரெட்டன் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து அவர்கள் கையில். ஒரு முறை கூடைக்குப் போக மட்டும்தான் நேரம் மிச்சம். பெட்ஸ்கா ஆட்டத்தை நிறுத்திச் சுற்றிக் கூட்டினார்.

"யெசேனியா, பந்து உனக்கு. அந்த முகமூடிக்காரி உன்னை ஒட்டிட்டு வருவா. முகமூடியால அவளுக்குப் பக்கவாட்டுல ஒண்ணும் தெரியல, கவனிச்சீங்களா? டெஸ், அவ இடது பக்கத்துல நில்லு. அன்னைக்கு நின்ன அதே இடம். முடிஞ்சுது கதை."

யெசேனியா தோவார் டெஸ்ஸின் முதுகில் தட்டினாள். அவளும் ஆலைக்காரர் வீட்டுப் பெண், நாலு வருஷமாக ஒரே அறை, ஒரே சோப்பு. "நில்லுடி மலை. உன் பின்னாடி நான் ஓடிர்றேன். போர்ட்லாண்டுல போய் கடல் பாக்கலாம்."

"கோச்," என்றாள் டெஸ். மூக்குப் பஞ்சால் குரல் அடைத்தது. "பீம் குரல் கொடுக்க மாட்டா."

"என்னது?"

"என் பக்கத்துல நிக்கறவ. அவ கத்த மாட்டா. போன தடவையும் கத்தல. இந்தத் தடவை மேரனோட முகம் உடைஞ்சா ஒட்ட வைக்க ஒண்ணும் இருக்காது."

பெட்ஸ்கா அவளை உற்றுப் பார்த்தார். புரிந்துகொண்டார், அது முகத்தில் தெரிந்தது.

"அது அவங்க வீட்டுச் சண்டை. அவங்க ஆளை அவங்க காப்பாத்திக்கணும். உன் வேலை நிக்கறது. நிப்பியா மாட்டியா?"

"நிப்பேன்."

நின்றாள். யெசேனியா பந்தைத் தட்டிக்கொண்டு வலது பக்கம் போகிற மாதிரி காட்டி இடது பக்கம் வெட்டினாள். மேரன் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் பறந்தாள். கண் பந்தில், முகமூடியில் விளக்கு வெளிச்சம். டெஸ் காலை ஊன்றினாள். கையை நெஞ்சில் கட்டினாள். எல்லாம் விதிப்படி. ஜாஸ்லின் பீம் டெஸ்ஸின் இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். அவள் மூச்சு டெஸ்ஸின் கழுத்தில் பட்டது. மேரன் வருவதை இருவருமே பார்த்தார்கள்.

டெஸ் திரும்பி ஜாஸ்லினைப் பார்த்தாள். அந்த வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை திறக்க முயலக்கூட இல்லை.

"இடது பக்கம் ஆள்!"

கத்தியது டெஸ். வெட்டு மேடையில் எந்திர இரைச்சலுக்கு மேல் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய தொண்டை. மூக்கிலிருந்த பஞ்சு தெறித்து விழுந்தது. பத்து வயதிலிருந்து பழகிய உடம்பு அல்லவா, யார் குரல் என்று மேரன் யோசிக்கவில்லை. முன்னங்கையை உயர்த்தி, இடுப்பை வளைத்து, டெஸ்ஸைச் சுற்றிக்கொண்டு நழுவினாள். உயர்ந்த கை டெஸ்ஸின் வாயில் இறங்கி உதட்டைப் பிளந்தது. அதே வேகத்தில் மேரன் யெசேனியாவின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டாள். பந்து உருண்டது. நாலு பேர் அதன் மேல் விழுந்தார்கள். மணி அடித்தது.

ஆல்ட்ரிட்ஜ் பெண்கள் கூவிக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி பாய்ந்தார்கள். மேரன் பாயவில்லை. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு டெஸ்ஸிடம் வந்தாள்.

"யாரு கத்தினது?"

டெஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், ரத்தம்தான் வந்தது.

"நீயா? ஏன் நீ?" மேரனின் கண் டெஸ்ஸிடமிருந்து மெல்ல நகர்ந்து, சற்றுத் தள்ளிக் கூவிக்கொண்டிருந்த ஜாஸ்லின் மேல் போய் நின்றது. "அன்னைக்கும் இப்டித்தானா?"

டெஸ் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஜாஸ்லின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஜெயிச்சுட்டோம்டி!"

மேரன் அவளை அடித்தாள். அறை அல்ல, முஷ்டி. முன்பல்லைக் குறி வைத்து. ஜாஸ்லின் உட்கார்ந்தாள். மேரன் அவள் மேல் ஏறி முடியைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினாள். "குரல் கொடுக்க மாட்டியா? வாய் இல்லையா உனக்கு? வாய் இல்லையா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மோதல். ஆல்ட்ரிட்ஜ் பெண்கள் ஜெயித்த சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோக நின்றார்கள். கூட்டம் எதற்குக் கத்துவது என்று தெரியாமல் அடங்கியது.

லாயிட் பெக்கர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்து மேரனை இடுப்போடு தூக்கினார். அவள் திமிறியதில் கையிலிருந்த ரத்தம் அப்பி அவர் சட்டையின் வெள்ளைக் கோடுகளெல்லாம் சிவந்தன. இருவரையும் பிரித்துவிட்டு, பழக்கத்தில் கையை உயர்த்தினார். யாரைக் காட்டுவது என்று கை தவித்தது. பிறகு கை தானாக இறங்கியது.

டெஸ் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னைக்கு நான் பந்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"தெரியும் சார். இதை அந்த மைக்குல சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் ஒரு சைகை வச்சிருக்கோம் வோண்ட்ரா," என்றார் லாயிட். "இதுக்கு இல்ல." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மைக் மேஜையிலேயே கிடந்தது.

உடை மாற்றும் அறைக்குள் டெஸ் நுழைந்தாள். யெசேனியா அவளைச் சுவரோடு சேர்த்து இரண்டு கையாலும் தள்ளினாள். லாக்கர் கதவு அதிர்ந்தது.

"நீ யாருக்குடி ஆடுற? சொல்லு. யாருக்கு ஆடுற?"

"யெசே..."

"கடல் பாக்கணும்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்டி!" மறுபடியும் தள்ளினாள். பிறகு அழுதாள். பெட்ஸ்கா கடந்து போனார், நிற்கவில்லை.

பஸ்ஸில் டெஸ் பின்பக்கமாக உட்கார்ந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள், அவள் இருந்த வரிசையைப் பார்த்தார்கள், முன்னாலேயே நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று பேர் இருக்கையில் நாலு பேர். ஆலையில் அந்த ஆளைச் சுற்றிக் காலியாகக் கிடந்த நாற்காலிகள் அவள் ஞாபகத்துக்கு வந்தன.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். வெளியே பனியில் எர்னி, கையில் மூடி போட்ட சில்லிக் குவளை. அவள் ஜன்னலை இறக்கினாள்.

"வாய் கிழிஞ்சிருக்கு. குடிக்க முடியாது உனக்கு." குவளையைத் தானே வைத்துக்கொண்டார். "நான் கடைசி வரிசைல இருந்தேன் புள்ள."

"தெரியும்பா."

"உன் குரல் அங்க வரைக்கும் கேட்டுச்சு."

டெஸ் வாயில் ஊறியிருந்த ரத்தத்தை ஜன்னலுக்கு வெளியே பனியில் துப்பினாள். டிரைவர் கதவைச் சாத்தினார்.